ரெண்டாவது ஆர்.ஓ.வுக்குக் கை தூக்குறதுக்கு முன்னாடி

நம்ம ஊர் தண்ணிக் கமிட்டி அண்ணன்மாருக்கும், முன்னாடி தலைவரா இருந்த அக்காவுக்கும், புது பிளான்ட்டுக்குப் பணம் தர்றேன்னு சொல்லியிருக்கற மலேசியா மாமாவுக்கும் வணக்கம்.

என்னைய உங்க எல்லாருக்கும் தெரியும், கீழத்தெருக்காரன், மதுரைல பதினோரு வருஷமா ஆர்.ஓ. சர்வீஸ் பாக்குறவன். காலைல திருமங்கலத்துல டீ குடிச்சிட்டு வண்டிய எடுத்தேன்னா பழங்காநத்தம், எல்லீஸ் நகர், அண்ணா நகர்னு ஒரு நாளைக்கு எட்டு வீடு, நடுவுல ஒரு ஹாஸ்டலோ கல்யாண மண்டபமோ. செடிமென்ட் ஃபில்டர் மாத்துறது, உப்ப நிறுத்துற சவ்வு இருக்கே மெம்பரேன், அத மாத்துறது, பம்ப் சத்தம் போட்டா பாக்குறது, இதுதான் எனக்குச் சோறு போடுது. அதனால "இவனுக்கு ஆர்.ஓ. மேல என்ன கடுப்பு"ன்னு யாரும் நெனைக்க வேணாம். ரெண்டாவது பிளான்ட் வந்தா அதோட சர்வீஸும் எங்கிட்டத்தான் வரும், எனக்கு லாபம்தான். அப்படியிருந்தும், வர்ற மார்ச் 22 கிராம சபைல அதுக்குத் தீர்மானம் போடாதீங்க, இல்ல குறைஞ்சது ஒரு ஆறு மாசம் தள்ளிப் போடுங்கன்னு கேக்குறதுக்குத்தான் இத எழுதுறேன். கூட்டத்துல எந்திரிச்சுப் பேசுனா பாதில யாராச்சும் "சரி தம்பி ஒக்காரு"ன்னு சொல்லிருவீங்க, எழுத்துன்னா முழுசா படிச்சுத்தான ஆகணும்.

போன ஞாயித்துக்கெழமை வெள்ளனே பிளான்ட்டுக்குப் பின்னாடி போனேன். முன்பக்கம் நமக்கெல்லாம் தெரியும், அஞ்சு ரூவா காயின் போட்டா ஒரு குடம், நீல பெயின்ட், டைல்ஸ், போட்டோ. பின்பக்கம் யாரும் போறதில்ல. மெஷின் ஒதுக்கித் தள்ளுற உப்புத் தண்ணிதான் ரிஜெக்ட், அது வர்ற பைப் செவுத்தத் தொளச்சு வெளிய வந்து, நாலடி தள்ளி, நேரா ஊருணிக்கு மழைத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால்ல விழுகுது. கால் ரெண்டு ஓரமும் சுண்ணாம்பு அடிச்சாப்ல வெள்ள வெள்ளயாப் பூத்துக் கெடக்கு. வெரல்ல தொட்டு நாக்குல வச்சேன், கரிச்சுச்சு, பின்னாடியே ஒரு கசப்பு. போன வருஷம் ஸ்கூல் பிள்ளைங்க நட்ட வேப்பங்கண்டு நாலுல மூணு நுனி கருகி நிக்குது, நாலாவது எங்கன்னே தெரியல. பாக்கெட்லருந்து மீட்டர எடுத்தேன். நம்ம போர் தண்ணி டிடிஎஸ் (ஒரு லிட்டர்ல எத்தன மில்லிகிராம் உப்பு கரஞ்சிருக்குங்கற அளவு) 2,380. குடத்துக்கு வர்றது 70. ரிஜெக்ட் 3,900. ஊருணிக்குள்ள எறங்கிப் போயி அந்தப் பச்சத் தண்ணில விட்டுப் பாத்தேன், 2,900. நம்ம தாத்தனும் பாட்டனும் குடிச்ச ஊருணி, இன்னைக்கு நம்ம போர விட மோசம்.

இங்க ஒரு சின்ன கணக்கு. 300 வீடு, வீட்டுக்கு 20 லிட்டர்னு வச்சா ஒரு நாளைக்கு 6,000 லிட்டர் நல்லதண்ணி. நம்ம பிளான்ட் நூத்துக்கு நாப்பதத்தான் நல்லதண்ணியாக் குடுக்குது (அதுவும் மெம்பரேன் புதுசா இருக்கும்போது), அப்ப போர்லருந்து 15,000 லிட்டர் எடுத்து 9,000 லிட்டர வெளிய தள்ளுது. லிட்டருக்கு 3.9 கிராம்னா 9,000 லிட்டர்ல 35 கிலோ. சமையல் உப்பு மட்டும் இல்ல, கால்சியம் மெக்னீசியம்னு எல்லாம் கலந்த உப்பு. தெனமும் 35 கிலோ, வருஷத்துக்குப் பன்னண்டே முக்கா டன். யாராச்சும் ஒருத்தன் தெனம் காலைல ஒரு மூட்டை உப்பத் தூக்கிட்டு வந்து ஊருணில கொட்டுனா விட்ருப்போமா? கட்டி வச்சு ஒதச்சிருப்போம். பைப்ல வர்றதால கண்ணுக்குத் தெரியல. யாரையும் குத்தம் சொல்லி எழுதல, அந்தப் பைப்ப எறக்கும்போது நானும் பக்கத்துலதான் நின்னேன், பைப் மிச்சம்னு நானும் தலையாட்டுனேன். இப்ப ரெண்டாவது பிளான்ட்டோட ரிஜெக்ட்டும் அதே கால்லதான் விழுகப்போகுது, பிளான்ல அப்படித்தான் கோடு போட்டிருக்கு.

ஆர்.ஓ. தப்பான மெஷின்னு நான் சொல்ல வரல. அது இயற்கை செய்யிற ஒரு வேலைய தலைகீழாத் திருப்புறது, அவ்வளவுதான். 1748ல நொல்லேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஒரு ஜாடில சாராயத்த ஊத்தி வாயப் பன்னியோட மூத்திரப்பையால கட்டி தண்ணிக்குள்ள அமுக்கி வச்சாரு, கொஞ்ச நேரத்துல பை பொதுக்குன்னு வீங்கிருச்சு, வெளிய இருந்த தண்ணி உள்ள போயிருக்கு. அதுதான் சவ்வூடு பரவல், நம்ம எட்டாப்புல படிச்சது. திராட்சைய தண்ணில போட்டா ஊதுதுல்ல, அதேதான். உப்பு இல்லாத பக்கத்துலருந்து உப்பு இருக்கற பக்கத்துக்குத் தண்ணி தானாப் போகும். அத எதிர்ப்பக்கம் போக வைக்கணும்னா அமுக்கணும். கடல் தண்ணிய மெம்பரேனுக்கு எதிர நிக்க வச்சாலே 27 பார் தேவைப்படுது, கார் டயர்ல நாம அடிக்கிற காத்தப் போல பன்னண்டு மடங்கு, ஓட்டுறதுக்கு அதுக்கும் ரெண்டு மடங்கு. அதனாலதான் சென்னைக்குக் கடல் தண்ணிய நல்லதண்ணியாக்குற மீஞ்சூர், நெம்மேலி பிளான்ட்டெல்லாம் கரண்ட்ட அப்படி முழுங்குது. இந்த மெம்பரேன முதல்ல உருப்படியா செஞ்சு காட்டுனது 1950கள் கடைசில கலிஃபோர்னியாவுல ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் ஸ்ரீனிவாச சௌரிராஜன், நம்ம நாட்டுக்காரர். நான் தெனம் கழட்டி மாட்டுற சாமானுக்கு அவருதான் தாத்தா.

சரி, இயற்கை இதே வேலைய எப்படிச் செய்யுது? வேற எங்கயும் போக வேணாம், இடுப்புக்குப் பின்னாடி கைய வைங்க. நம்ம ரெண்டு கிட்னியும் ஒரு நாளைக்கு 180 லிட்டர் தண்ணிய ரத்தத்துலருந்து வடிச்சு எடுக்குது, அதுல 178 லிட்டருக்கு மேல திரும்ப உள்ளயே அனுப்பிருது, ஒண்ணு ஒண்ணரை லிட்டர்தான் வெளிய. அதாவது அங்க ரிஜெக்ட் நூத்துல ஒண்ணு, நம்ம பிளான்ட்ல நூத்துல அறுவது. அது எப்படின்னா செல்லு சுவத்துல அக்வாபோரின்னு ஒரு புரோட்டீன் இருக்கு, தண்ணி மட்டும் ஒத்தை ஒத்தையா வரிசைல போற அளவுக்கு ஒரு சந்து, நம்ம தெப்பக்குளம் கூட்டத்துல போலீஸ் கயிறு கட்டி ஒவ்வொருத்தரா விடுற மாதிரி. ஆனா வேகத்தப் பாருங்க, ஒரே ஒரு சந்து வழியா ஒரு செகண்டுக்கு 300 கோடி தண்ணி மூலக்கூறு போகும், உப்பு ஒண்ணு கூட நுழையாது. இதக் கண்டுபிடிச்ச பீட்டர் ஆக்ருக்கு 2003ல நோபல் குடுத்தாங்க. டென்மார்க்ல ஒரு கம்பெனி இந்தப் புரோட்டீனையே மெம்பரேன்ல பதிச்சு வித்துச்சு. நம்ம ஊருக்கு இப்பவே அத வாங்குங்கன்னு சொல்லல, இயற்கைக்கும் மெம்பரேன் இருக்குங்கறதுக்காகச் சொன்னேன். ஒரு வித்தியாசம் உண்டு, கிட்னி அடைச்சா டயாலிசிஸு, மெம்பரேன் அடைச்சா நான்.

அதவிட எனக்குப் புத்தி வந்தது வேற எடத்துல. போன பொங்கல் லீவுல ராமநாதபுரம் பக்கம் காரங்காட்டுக்குப் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போனேன், அங்க அலையாத்திக் காடு இருக்கு, போட்ல கூட்டிட்டுப் போவாங்க. சேத்துக்குள்ளருந்து வேரு பென்சில் பென்சிலா மேல நீட்டிக்கிட்டு நிக்குது, மூச்சு விடுறதுக்காம். போட்டு ஓட்டுன அண்ணன் ஒரு இலையப் பறிச்சு என் மககிட்டக் குடுத்து "நக்கிப் பாரு பாப்பா"ன்னாரு. அவ நக்கிட்டு மூஞ்சியச் சுளிச்சா பாருங்க! நானும் நக்குனேன். ஊறுகா ஜாடி மூடிய நக்குன மாதிரி இருந்துச்சு. வெயில்ல பிடிச்சுப் பாத்தா இலை மேல பொடிப் பொடியா உப்பு மின்னுது. பாக்கெட்ல எப்பவும் மீட்டர் இருக்குமே, கீழ இருந்த தண்ணில விட்டேன், மீட்டர் அளவு தாண்டிப் போச்சு, நம்பரே காட்டல. கடல் தண்ணின்னா லிட்டருக்கு 35 கிராம், அதுல மரம் பச்சப்பசேல்னு நிக்குது, நம்ம 3,900க்கு வேப்பங்கண்டு கருகிப்போச்சு.

வீட்டுக்கு வந்து இதப் பத்தியே ஒரு வாரம் படிச்சுக்கிட்டிருந்தேன், வீட்டுக்காரி "மரத்தையே கட்டிக்கிட்டிருக்கலாம்"னு சொல்ற அளவுக்கு. அந்த மரம் உப்புல முக்காவாசிக்கு மேல வேர்லயே நிப்பாட்டிருது, சுரபுன்னை வகைன்னா நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல. 2016ல தென்கொரியாக்காரங்க வேர அறுத்துப் பாத்து, வெளித்தோல்ல இருக்கற மொத அடுக்குலயே உப்பு பெரும்பாலும் மாட்டிக்குதுன்னு காட்டுனாங்க, அந்த அடுக்கோட மின்னூட்டம்தான் சோடியத்தப் பிடிச்சு நிறுத்துதாம். பம்ப் எங்க இருக்குன்னு கேக்குறீங்களா, இலைல. இலைலருந்து தண்ணி ஆவியாகப் போகப் போக தண்டு வழியா கீழ இருந்து உறிஞ்சுது, ஸ்ட்ரா போட்டு இளநி உறிஞ்சுற மாதிரி. அந்த உறிஞ்சல அளந்து பாத்தா 30 பாருக்கும் மேல, அதாவது மீஞ்சூர்ல மோட்டார் வச்சுத் தள்ளுறத இந்த மரம் வெயில வச்சு இழுக்குது. 2020ல அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டிக்காரங்க இதே மாதிரி செயற்கையா ஒரு குட்டி அலையாத்தி செஞ்சு, மோட்டாரே இல்லாம உப்புத் தண்ணிலருந்து நல்லதண்ணி எடுத்துக் காட்டுனாங்க. லேப்ல உள்ளங்கை அளவுதான், நம்ம தெருவுக்கு வர இன்னும் எத்தனை காலமோ.

ஆனா நான் ராத்திரி தூக்கம் வராம யோசிச்சது வேற விஷயம். அந்த மரம் ஒதுக்கித் தள்ளுற உப்பு எங்க போகுது? வேருக்கு வெளிய நிக்கிறத ஏத்தம் எறக்கம்னு கடல் வந்து கழுவிட்டுப் போயிருது. இலை மேல பூத்தத காத்தும் மழையும் பாத்துக்குது. மரம் மட்டும் தனியா இந்த வேலையச் செய்யல, மரத்துக்கு ஒரு கடல் துணை இருக்கு. நம்ம பிளான்ட்டுக்கு என்ன இருக்கு? ஒரு வரத்துக்காலு. அது போயிச் சேர்ற எடம் ஊருணி, ஊருணிக்கு வெளிய போற வழி கெடையாது. கம்மாய்க்கு அந்தப் பக்கமும் கரிசக் காடுதான். நாம தள்ளுற உப்பு எங்கயும் போகாது, மெதுவா எறங்கி அதே போருக்குத்தான் திரும்ப வரும், அப்ப 2,380 மூவாயிரமாகும், மெம்பரேன் ரெண்டு வருஷம் ஓடுறது ஒரு வருஷம் ஓடும், நீங்க மறுபடி எனக்கு போன் போடுவீங்க. டவுன்ல எத்தன அபார்ட்மென்ட்ல இதப் பாத்துட்டேன் தெரியுமா.

நான் இயற்கை முறை இயற்கை முறைன்னு பேச ஆரம்பிச்சதும் ஆளாளுக்கு ஒண்ண அனுப்புனீங்க, அதுக்கும் பதில் சொல்லிர்றேன். முருங்கை வெதையப் போட்டா உப்பு போயிரும்னு ஒரு வீடியோ சுத்துது. போகாது. முருங்கை வெதைல ஒரு புரோட்டீன் இருக்கு, அது பாசிட்டிவ் சார்ஜு, தண்ணில மெதக்குற களிமண்ணு நெகட்டிவ், ரெண்டும் ஒட்டிக் கட்டியாகி அடில ஒக்காந்துரும், கிருமியும் கொஞ்சம் கூடச் சேந்து எறங்கும். தேத்தாங்கொட்டையும் அதே வேலைதான், எங்க அப்பத்தா புதுப்பானை வாங்குனா உள்ள தேத்தாங்கொட்டைய உரசித் தேச்சு வச்சிட்டுத்தான் தண்ணி ஊத்தும், சங்கப் பாட்டுலயே கலங்குன தண்ணி தெளியிறதுக்கு இந்தக் கொட்டைதான் வருது, ரெண்டாயிரம் வருஷத்து டெக்னாலஜி. ஆனா அது கலங்கலுக்கு, கரஞ்ச உப்புக்கு இல்ல. சந்தேகம்னா ஒரு குடத்துல போட்டுப் பாத்து எங்கிட்ட வாங்க, மீட்டர் வச்சுக் காட்டுறேன். இன்னொண்ணு, முருங்கை வெதை போட்ட தண்ணிய ரெண்டு மூணு நாள் வச்சிருந்தா நாத்தம் எடுத்துரும், அன்னன்னைக்கே குடிக்கணும்.

அப்புறம் ஆப்பிரிக்காவுல நமீப் பாலைவனத்து வண்டு, முதுகுல மூடுபனியப் பிடிச்சுத் தண்ணி குடிக்கிற வண்டு, அத மாதிரி வலை கட்டலாமான்னு காலேஜ் படிக்கிற தம்பி கேட்டான். அருமையான வண்டுதான், அது முதுகு மேடு தண்ணிய இழுக்குறது பள்ளம் வழுக்கி விடுறதுன்னு 2001ல ஆராய்ச்சியே வந்திருக்கு. ஆனா தம்பி, நம்ம ஊர்ல மூடுபனி எங்க இருக்கு, மார்கழில விடிகாலை அரைமணி நேரம் இருக்கும், அதுவும் டிவிஎஸ் கண்ணாடியத் தொடைக்கிறதுக்குள்ள போயிரும். கொடைக்கானல்காரன் கேக்க வேண்டிய கேள்வி அது. கொடைக்கானல்னதும் ஞாபகம் வருது, அங்க நிக்கிற பைன் மரத்து மாதிரி ஊசியிலை மரத்துக் குச்சிய தோல உரிச்சு டியூப்ல மாட்டித் தண்ணிய விட்டா பாக்டீரியாவ வடிகட்டிரும்னு 2014ல எம்ஐடில ரோகித் கார்னிக் குழு காட்டுனாங்க. மரத்துக்குள்ள தண்ணி போற குழாயில இருக்கற சல்லடதான் காரணம். வேம்புல புளியில ஆகாது, அதுல குழா நீளம், கிருமி நேராப் போயிரும். அதுவும் உப்ப நிறுத்தாது. எந்த ஊருக்கு எது ஆகும்னு பாக்காம எறங்குனா 2017ல வைகை டேம்ல தெர்மாகோல் விட்ட கதைதான், இன்னைக்கு வரைக்கும் வெளியூர்க்காரன் நம்மளப் பாத்தா அதையே கேக்குறான்.

அப்ப நம்ம ஊருக்கு எது? நான் சொல்றது ரொம்ப சப்பையா இருக்கும். மழைத் தண்ணி. வெயில் கடல்லருந்து தண்ணிய எடுக்கும்போது உப்ப அங்கயே விட்டுட்டுத்தான் எடுக்குது, அதவிடப் பெரிய ஆர்.ஓ. உலகத்துல யார்கிட்டயும் இல்ல, கரண்ட் பில்லும் கெடையாது, ரிஜெக்ட்டும் கடல்லயே தங்கிருது. போன ஐப்பசில எங்க மொட்டை மாடில அண்டாவ வச்சுப் பிடிச்சு மீட்டர் விட்டேன், 22. நம்ம மெஷின் தண்ணியே 70. மதுரைப் பக்கம் வருஷத்துக்கு 800 மில்லிமீட்டருக்கு மேல பெய்யிது, அது நம்ம ஊர்ல விழுந்து, தெருச் சாக்கடையோட கலந்து, ரிஜெக்ட்டோட கலந்து, ஊருணில போயி 2,900 ஆகுது. உப்பே இல்லாத தண்ணிய உப்பாக்கிட்டு, உப்புத் தண்ணிய புது பிளான்ட்டுக்கு எட்டு லட்சம் போட்டு நல்லதண்ணி ஆக்கப் போறோம்.

எங்க அப்பத்தா சொல்லும், அது காலத்துல ஊருணில கால் வைக்க விடமாட்டாங்களாம். செருப்ப கரைக்கு வெளிய விட்டுட்டு, படில நின்னு, குடத்தச் சாச்சு மொள்ளணும். குளிக்கிறது, துணி தொவைக்கிறது, மாடு குளுப்பாட்டுறது எல்லாம் கம்மாயில. ஊருணிக்கு மொத மழைய விடமாட்டாங்க, வரத்துக்கால் வாயில மண்ண அணைச்சு வச்சுருவாங்க, ரெண்டு மூணு மழை பேஞ்சு தெரு கழுவுனப்புறம்தான் வெட்டி விடுவாங்களாம். நான் டவுன்ல மாடில மழைநீர் செட்டப் பண்ணும்போது மொத மழைத் தண்ணியத் தனியா வெளிய விட ஒரு பைப் வைப்பேன், அதத்தான் அந்தக் காலத்துல ஒரு கூடை மண்ணு வச்சுப் பண்ணியிருக்காங்க. (இதச் சொல்றப்பவே இன்னொண்ணும் சொல்லணும், அப்ப எல்லாரும் அந்தப் படில எறங்க முடியாது, எந்தத் தெருக்காரங்க எறங்கலாம் எந்தத் தெருக்காரங்க கரைக்கு வெளிய நின்னு யாராச்சும் ஊத்துவாங்களான்னு காத்துக் கெடக்கணும்ங்கறதும் இருந்துச்சு. அத மறச்சிட்டு பழைய பெருமை மட்டும் பேசுனா எனக்குத் தொண்டைல எறங்காது. அதனால நான் கேக்குறது படியில்ல, குழா. எல்லாத் தெருவுக்கும் ஒரே குழா.)

ஊருணிக்குள்ள எறங்கியே மொள்ள வேணாம், இதுக்கும் இயற்கைகிட்ட வழி இருக்கு. கரைல பத்துக்குப் பத்தடில ஒரு தொட்டி, கீழ ஜல்லி, மேல ஒரு மூணடிக்கு நல்ல ஆத்து மணல், தண்ணி மேலருந்து ரொம்ப மெதுவா, மணிக்கு நாலு வெரக்கடை அளவுக்கு எறங்கணும். ஆரம்பத்துல ஒண்ணும் நடக்காது, ரெண்டு மூணு வாரத்துல மணல் மேல வழவழன்னு ஒரு தோல் படியும். அத அழுக்குன்னு நெனச்சு வழிச்சுப் போட்றாதீங்க, வேலைக்காரனே அதுதான், அதுல இருக்கற பூச்சி புழு பாசி எல்லாம் சேந்துதான் வர்ற கிருமியத் திங்கிது. 1829லயே லண்டன்ல சிம்ப்சன்ங்கறவர் இந்த மாதிரி கட்டிட்டாரு. 1892ல ஜெர்மனில ஹாம்பர்க்ல காலரா வந்து எட்டாயிரம் பேருக்கு மேல செத்தாங்க, ஆத்துத் தண்ணிய வடிகட்டாமக் குடிச்ச ஊரு அது. ஒட்டுனாப்ல இருந்த அல்டோனா அதே ஆத்துல, ஹாம்பர்க் சாக்கடை கலந்தப்புறம் வர்ற தண்ணிய எடுத்த ஊரு, ஆனா மெதுவா மணல்ல வடிச்சுக் குடுத்துச்சு, அங்க கொஞ்சப் பேருக்குத்தான் வந்துச்சு. எல்லைல ஒரே தெரு, இந்தப் பக்கம் சாவு, அந்தப் பக்கம் இல்ல. நமக்குத் தேவையான 6,000 லிட்டருக்கு நான் சொன்ன தொட்டி தாராளம், கணக்குப்படி அதுல மூணுல ஒரு பங்கு மணலே போதும். குளோரின் அதுக்கு மேலயும் போடணும், அதுல சமரசம் பண்ணாதீங்க, ஃப்ளோரைடு நைட்ரேட்டும் லேப்ல குடுத்துப் பாத்துட்டுத்தான் குழா தெறக்கணும்.

ஊருணில தண்ணி பத்துமா? அளந்தேன், அம்பது மீட்டருக்கு அம்பது மீட்டர். பழைய ஆழம் பத்தடிங்கறாங்க, கரை சரிவ கழிச்சா நெறஞ்சா 60 லட்சம் லிட்டர் நிக்கும். வெயில் பாதியக் குடிச்சாலும் 30 லட்சம், வருஷத்துக்கு ஊருக்குக் குடிக்கத் தேவை 22 லட்சம். மழை பொய்க்கிற வருஷம் பத்தாது, அதுக்குத்தான் இருக்கற ஒரு ஆர்.ஓ. அப்படியே இருக்கட்டும், சித்திரை வைகாசிக்கு அது ஓடட்டும்.

ஆனா தூர் வார்றேன்னு ஜேசிபிய எறக்கி ஆள் ஒசரத்துக்குத் தோண்டிறாதீங்க. பக்கத்து ஊர்ல அப்படித்தான் பண்ணாங்க, அடில காலங்காலமா படிஞ்சிருந்த களிமண்ண ஒடச்சிட்டாங்க, இப்ப ஐப்பசில நெறையிற தண்ணி தைக்குள்ள கீழ எறங்கிருது. நம்ம பக்கம் அடில சவர் ஊத்து வேற இருக்கு, தோண்டத் தோண்ட உப்பு மேல வரும். மேவுன மூணடி வண்டல மட்டும் வழிச்சா போதும், அந்த வண்டல காட்டுக்கு அடிச்சுக்கிட்டா சம்சாரிக்கும் லாபம், ஆனா உப்புப் படிஞ்ச மேல் மண்ண மட்டும் தனியா ஒதுக்கிருங்க, அது எந்தக் காட்டுக்கும் ஆகாது.

சாக்கடைத் தண்ணி வரத்துக்கால்ல கலக்குறதுக்கு கல்வாழையும் சம்பும் போதும், கால்ல ஒரு முப்பதடிக்கு ஜல்லி போட்டு நட்டுட்டா, வேர்ல ஒட்டியிருக்கற நுண்ணுயிரி அழுக்கத் தின்னுரும், கல்கத்தாவுக்குக் கெழக்க ஏரியும் மீன் பண்ணையுமா அந்தப் பெரிய ஊரோட சாக்கடையவே இயற்கைதான் சுத்தம் பண்ணிக்கிட்டிருக்கு, 2002லருந்து அது ராம்சர் எடம், அதாவது உலக அளவுல முக்கியம்னு பட்டியல்ல சேத்த ஈரநெலம். நமக்கு மூணு தெரு. அந்தத் தண்ணியையும் ஊருணிக்கு விட வேணாம், தென்னைக்கு விடலாம்.

ரிஜெக்ட்டுக்கு என்ன பண்றதுன்னா, ஸ்கூல் கக்கூசுக்கும் அங்கன்வாடி கக்கூசுக்கும் ஒரு டேங்க் வச்சா பாதி அங்கயே தீரும். மிச்சத்துக்கு பிளான்ட்டுக்கு வடக்க சீமக்கருவேல மண்டிக் கெடக்கற பொறம்போக்குல தார்ப்பாய் விரிச்சு ஒரு ஆழமில்லாத பாத்தி, வெயில் காயவச்சிரும், வருஷத்துக்கு ஒருக்கா உப்ப வாரிக்கலாம், ஓரத்துல உமரிச் செடி போட்டா அது உப்புத் தண்ணியவே குடிச்சு வளரும். அலையாத்திக்குக் கடல் இருந்துச்சு, நமக்கு வெயிலாச்சும் இருக்கு, மதுரைல அதுக்கு என்னைக்குமே பஞ்சம் வந்ததில்ல.

மலேசியா மாமா, உங்க பேரு கல்வெட்டுல வரணும்னா அது மணல் தொட்டிச் செவுத்துலயும் வரும், நீல ரூமுக்குத்தான் கல்வெட்டுன்னு ஒண்ணும் இல்ல. எட்டு லட்சத்துல தொட்டி, குழா, வேலி, வண்டல் எல்லாம் போக மிச்சம் வரும்னு எனக்குத் தோணுது, எனக்குக் கட்டட வேலை கணக்கு முழுசாத் தெரியாது, இஞ்சினியர வச்சு எஸ்டிமேட் போடுங்க. மதுரைல தானம் அறக்கட்டளை மாதிரி ஊருணி வேலைய ரொம்ப வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கறவங்க இருக்காங்க, ஒரு தடவ கூப்ட்டுக் காட்டுங்க, நான் சொன்னதுல எது தப்புன்னு அவங்க சொல்லட்டும்.

தீர்மானம் என்ன ஆனாலும் சரி, அந்த ரிஜெக்ட் பைப்ப மட்டும் அது வரைக்கும் விட்டு வைக்க முடியாது. எங்கிட்ட மூணு லென்த் பைப்பு, நாலு எல்போ, சொல்யூஷன் டப்பா இருக்கு, கூலி வேணாம். வர்ற ஞாயித்துக்கெழமை காலைல ஏழு மணிக்கு பிளான்ட்டுக்குப் பின்னாடி நிப்பேன், வரத்துக்கால்லருந்து எடுத்து வடக்க திருப்பி விட்டுர்றேன், பள்ளம் தோண்ட ரெண்டு பேர் மம்பட்டியோட வந்தா போதும். ரூம் சாவி யாருகிட்ட இருக்குன்னு மட்டும் எனக்கு போன்ல சொல்லுங்க, போன தடவ நாலு வீடு ஏறி எறங்குனேன்.

இப்படிக்கு,
கீழத்தெரு ஆர்.ஓ. சர்வீஸ்காரன்